எதிர்பாராத ஆய்வுகூட அறிக்கை: அடுத்த ஆய்வுகூடத்தைத் தேடுவதற்கு முன்...

உணவுப் பொருள் வியாபாரிகளுக்குக் கடன், வாடகை, டொலர் விலை என்ற கவலைகளோடு இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. அதுதான் ஆய்வுகூட அறிக்கை. நமது மூத்தவர்கள் செத்தல் மிளகாயை முறித்து உள்ளே பார்ப்பார்கள். கொப்பராவை மணந்து பார்ப்பார்கள். மிளகைக் கையில் உருட்டிப் பார்ப்பார்கள். சரக்கு நல்லதா, கெட்டதா என்பது அத்தோடு முடிந்துவிடும். இன்று சுப்பர் மார்க்கட்காரரும் ஏற்றுமதிக் கம்பனியும் கேட்பது கடதாசியை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்து மாதிரி எடுத்துச் சென்றால் அங்கிருந்தும் ஒரு கடதாசி வரும்.

அந்தக் கடதாசி சில வேளைகளில் நாம் நினைத்தும் பாராத ஒன்றைச் சொல்லும். மிளகாய்த் தூளில் அஃப்ளடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு. கறுவாவில் அளவுக்கு மீறிய கந்தகம். கருஞ்சீரக எண்ணெய் மாத்திரையின் உறையில் பன்றியின் டீ.என்.ஏ. உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் வாங்கும் புரத மாவில், லேபலில் போட்டதை விடக் குறைந்த புரதம். 2021ஆம் ஆண்டு இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் இருப்பதாக அறிக்கை வந்தபோது நாடு முழுவதும் எழுந்த பேச்சு பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

மசாலாச் சரக்கு மொத்த வியாபாரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். இப்படியான அறிக்கை வந்ததும் நமது ஆட்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன். சிலர் அதை லாச்சியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். இது பிழை என்று அவர்களுக்கே தெரியும். மற்றவர்கள், "வேறு லெப்புக்கு அனுப்பிப் பார்ப்போம்" என்பார்கள். இது நியாயமான பேச்சுப் போலத் தெரிகிறது. ஆனால் அதிகமான வியாபாரிகள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது வழியில்தான்.

பாஸ் ஆகும் வரை டெஸ்ட்

ஒரே சரக்கை மூன்று ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, நமக்குப் பிடித்த அறிக்கையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கிழித்துப் போட்டால், நம்மிடம் மிஞ்சுவது அறிக்கையல்ல, அதிர்ஷ்டச் சீட்டு.

இது 1993ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் தீர விசாரிக்கப்பட்ட விடயம். பார் லெபோரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பனிக்கும் அந்நாட்டு அரசாங்கத்துக்கும் இடையிலான வழக்கு அது. தோல்வியான ஒரு முடிவைக் காரணம் கண்டுபிடிக்காமல் ஒதுக்கக் கூடாது, நல்ல முடிவு வரும் வரை திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்யக் கூடாது, கெட்ட முடிவை நல்ல முடிவுகளோடு கூட்டிச் சராசரி போட்டு மறைக்கக் கூடாது என்பன அந்தத் தீர்ப்பிலிருந்து மருந்துத் துறை எடுத்துக்கொண்ட பாடங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுபற்றி 2006இல் வழிகாட்டி ஒன்றை இறுதி செய்து, 2022இல் திருத்தியும் வெளியிட்டது.

அந்த வழிகாட்டி மருந்துக் கம்பனிகளுக்கு உரியது. ஆனால் அதன் ஒழுங்கு மிளகாய் வியாபாரிக்கும் பொருந்தும். முதலில் ஆய்வுகூடத்தின் வேலையில் பிழை உண்டா என்று பார்க்க வேண்டும். மாதிரி மாறியதா, கணக்குப் பிழைத்ததா, கருவி சரியாக இருந்ததா? பிழை நிரூபணமானால் அந்த முடிவு செல்லாது. அங்கே பிழை இல்லை என்றால் நமது சரக்கையும் களஞ்சியத்தையும் பார்க்க வேண்டும். மறு டெஸ்ட் தேவையென்றால் எத்தனை முறை, எந்த முறையில் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். வந்த முடிவுகள் எல்லாவற்றையும் கோப்பில் வைக்க வேண்டும்.

அறிக்கையை முழுமையாக வாசியுங்கள்

பலர் கடைசி வரியை மட்டும்தான் பார்க்கிறார்கள். மேலே உள்ளவற்றில்தான் விடயம் இருக்கிறது.

முதலாவது, அலகு. பி.பி.எம். என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். பி.பி.பி. அதிலும் ஆயிரத்தில் ஒன்று. இவ்விரண்டையும் மாற்றி வாசித்தால் 1,000 மடங்கு வித்தியாசம் வரும்.

இரண்டாவது, மாதிரியின் விபரம். தொகுதி இலக்கம் உங்களுடையதா? மாதிரியை ஆய்வுகூடம் எடுத்ததா, நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்ததா? வாடிக்கையாளர் கொண்டுவந்த மாதிரி என்று எழுதியிருந்தால், அந்த முடிவு அந்தப் பைக்குள் இருந்ததற்கு மட்டுமே உரியது. உங்கள் ஸ்டோரில் இருக்கும் முழுச் சரக்குக்கும் ஆய்வுகூடம் பொறுப்பேற்கவில்லை.

மூன்றாவது, நிச்சயமின்மை. எந்த அளவீட்டிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். மிளகாய், மிளகு, இஞ்சி, மஞ்சள் போன்றவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு மொத்த அஃப்ளடொக்சின் 10 பி.பி.பி., அதில் பீ1 என்ற வகை மட்டும் 5 பி.பி.பி. அறிக்கையில் மொத்தம் 11 என்றும், முன்பின் 2 என்றும் இருந்தால், உண்மையான அளவு 9 ஆகவும் இருக்கலாம், 13 ஆகவும் இருக்கலாம். ஐரோப்பிய அதிகாரிகள் சரக்கை நிராகரிக்கும்போது இந்த முன்பின்னையும் கணக்கில் எடுக்கிறார்கள். 30 என்று வந்தால் பேச்சுக்கு இடமில்லை.

நான்காவது, அங்கீகாரம். ஐ.எஸ்.ஓ. 17025 தரச் சான்று ஒரு ஆய்வுகூடத்துக்கு இருக்கிறது என்றால் அது செய்யும் எல்லா டெஸ்டுக்கும் இருக்கிறது என்று பொருளல்ல. எந்தப் பொருளில் எந்த டெஸ்டுக்கு அங்கீகாரம் உண்டு என்று பட்டியல் இருக்கும். இலங்கை தராதர அங்கீகாரச் சபை அங்கீகரித்த ஆய்வுகூடமானால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த நான்காவது விடயத்தின் பெறுமதியை இந்தியாவின் மெகி நூடில்ஸ் விவகாரம் காட்டியது. 2.5 பி.பி.எம். ஈயம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் கொல்கத்தா ஆய்வுகூடம் ஒன்று 17.2 பி.பி.எம். என்று சொன்னது. 2015 ஜூன் மாதம் நாடு முழுவதும் தடை வந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. டெஸ்ட் செய்த ஆய்வுகூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இருக்கவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வுகூடங்களில் மறுபடி பார்த்தபோது ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் பொருள் சந்தைக்குத் திரும்பியது. ஆனால் அதற்குள் 30,000 தொன்னுக்கு மேற்பட்ட நூடில்ஸ் அழிக்கப்பட்டுவிட்டது. பெரிய கம்பனி அதைத் தாங்கியது. நம்மில் ஒருவராக இருந்தால் கடையை மூடியிருப்போம்.

மாதிரி எங்கே எடுக்கப்பட்டது?

2014 மே மாதம் மலேசியாவில் கெட்பரி சொக்லட் வகைகள் இரண்டில் பன்றியின் டீ.என்.ஏ. இருப்பதாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. பொருள் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. ஹலால் சான்றிதழ் இடைநிறுத்தப்பட்டது. முஸ்லிம்களின் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சில நாட்களின் பின், ஜூன் தொடக்கத்தில், இஸ்லாமிய அபிவிருத்தித் திணைக்களமான ஜாகிம் தொழிற்சாலையிலிருந்தே எடுத்த 11 மாதிரிகளிலும் அப்படி எதுவும் இல்லை என்று அறிவித்தது.

இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று பொய்யாக்கின என்று பலர் நினைத்தார்கள். அப்படியிருக்க வேண்டியதில்லை. முதலாவது வெளிச் சந்தையில் எடுத்த மாதிரி, இரண்டாவது தொழிற்சாலையில் எடுத்தது. டீ.என்.ஏ. தேடும் பி.சி.ஆர். முறை மிகச் சிறிய தடயத்தையும் காட்டக் கூடியது. அந்தத் தடயம் மூலப்பொருளில் இருந்ததா, வழியில் ஒட்டிக்கொண்டதா என்பதை அந்த முறை சொல்லாது.

இதன் மறுபக்கத்தையும் மருந்துக்கடை வைத்திருப்பவர்களும் சத்துமாத்திரை இறக்குமதி செய்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டும். மாத்திரை உறை பெரும்பாலும் ஜெலட்டினில் செய்யப்படுவது. ஜெலட்டின் தயாரிக்கும்போது சூட்டிலும் அமிலத்திலும் டீ.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. ஆகவே "காணப்படவில்லை" என்ற அறிக்கை மட்டும் அந்த ஜெலட்டின் மாட்டிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியாகாது. ஜெலட்டின் எந்த ஆலையில், எந்த மிருகத்திலிருந்து வந்தது என்ற பத்திரமும் கையில் இருக்க வேண்டும்.

எதிர்பார்த்ததை விட நல்ல முடிவு வந்தாலும் அப்படித்தான். புரதத்தைக் கணக்கிடும் பழைய முறை உண்மையில் நைதரசனை அளந்து, அதை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குகிறது. நைதரசன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. 2008இல் சீனாவில் பாலில் மெலமின் கலந்தவர்கள் இந்த ஓட்டையில்தான் நுழைந்தார்கள். அறிக்கையில் புரதம் நிறைவாக இருந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. மலிவு விலையில் வரும் புரத மாவுக்கு மிக நல்ல அறிக்கை இருந்தால், அமினோ அமிலங்களைத் தனித்தனியே பார்த்த அறிக்கையையும் கேளுங்கள்.

120 மூட்டை மிளகாய்

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மசாலா அரைத்துப் பொதி செய்யும் ஒரு தம்பி ஒரு நாள் எனக்குப் போன் எடுத்தார். ஐரோப்பாவுக்கு அனுப்பும் கம்பனி ஒன்றுக்கு 25 கிலோ மூட்டைகள் 120 கொடுக்கப் பேசியிருந்தார். வங்கிக் கடனில் வாங்கிய சரக்கு.

"நானா, அஃப்ளடொக்சின் 18 எண்டு வந்திருக்கு. மத்த லெப்புக்கு அனுப்பினா பாஸ் ஆகும் எண்டு சொல்றாங்க. அனுப்பவா?"

"சாம்பிள் யாரு எடுத்த?"

"ஸ்டோர் பொடியன். கதவுக்குப் பக்கத்துல இருந்த நாலு மூட்டையில கையால அள்ளின."

"அனுப்ப வேணாம். ஒரு மூட்டையையும் அசைக்க வேணாம். நான் வாறன்."

போய்ப் பார்த்தால் ஸ்டோரில் இரண்டு சரக்கு ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது. 80 மூட்டை ஒரே கொள்கலனில் வந்த இறக்குமதிச் சரக்கு, அச்சடித்த பைகளில். 40 மூட்டை மழைக் காலத்தில் வாங்கிய உள்ளூர்ச் சரக்கு, பழைய மா பைகளில். பை வேறாக இருந்தது அதிர்ஷ்டம். இரண்டையும் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டு, "விற்பனைக்கில்லை" என்று எழுதி ஒட்டச் சொன்னேன்.

பூஞ்சணம் எல்லா மிளகாயிலும் ஒரே அளவாகப் பிடிப்பதில்லை. நனைந்த ஒரு மூட்டையின் ஒரு மூலையில் சில காய்களில் மட்டும் நஞ்சு நிறைந்திருக்கும், பக்கத்திலுள்ள காய் சுத்தமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வெளியிட்ட விதி, கச்சானின் பெரிய தொகுதி ஒன்றுக்கு 100 இடங்களில் எடுத்துச் சேர்த்த பல கிலோ மாதிரியைக் கேட்டது. அவ்வளவு எடுப்பது அதனால்தான். நாலு மூட்டையில் அள்ளிய ஒரு பிடி எந்த முடிவையும் தரும். அந்தப் பிடியை மேல் மூட்டைகளில் எடுத்து வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தால் "பாஸ்" என்று வந்திருக்கவும் கூடும். அந்தக் கடதாசியோடு 120 மூட்டையும் கப்பலேறியிருக்கும்.

நாங்கள் ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்தோம். இரண்டு சரக்கையும் தனித்தனியே அரைத்துக் கலந்து, ஒவ்வொன்றிலும் மூன்று பங்கு செய்தோம். ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று வாங்கும் கம்பனிக்கு, ஒன்று நமது அலுமாரிக்கு. டெஸ்ட் ஒரே தடவை, வருகிற முடிவை ஏற்பது என்று எழுதிக் கையொப்பம் வைத்த பிறகே அனுப்பினோம். கம்பனிக்கும் அன்றைக்கே விடயத்தைச் சொன்னோம்.

இறக்குமதிச் சரக்கு 3, உள்ளூர்ச் சரக்கு 34. முதலில் வந்த 18 ஆய்வுகூடத்தின் பிழையல்ல. நல்லதும் கெட்டதும் ஒரு பைக்குள் கலந்த கணக்கு அது.

அப்போது ஒருவர் சொன்னார், "நல்ல மிளகாய் இன்னும் கொஞ்சம் வாங்கி அந்த நாற்பதையும் கலந்து அரைத்தால் பத்துக்குக் கீழே வந்துவிடும்" என்று. கணக்கு சரிதான். ஆனால் வரம்பு மீறிய சரக்கை நல்ல சரக்கோடு கலந்து அளவைக் குறைப்பதை ஐரோப்பிய சட்டம் தடை செய்திருக்கிறது. உள்ளூரில் விற்றுவிடலாம் என்றும் பேச்சு வந்தது. ஐரோப்பாக்காரன் சாப்பிடக் கூடாததை நமது அயலவர் சாப்பிடலாம் என்பது என்ன நியாயம்? இந்த நஞ்சு சாதாரண சமையல் சூட்டில் அழிவதுமில்லை. நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, அவர் முன்னிலையில் 40 மூட்டை, அதாவது ஒரு தொன் மிளகாய் அழிக்கப்பட்டது. அந்த மாதத்து ஓர்டர் கைவிட்டுப் போனது. விற்றவரிடம் நட்டத்தைக் கேட்கப் போனால் வாய்ப் பேச்சில் வாங்கிய சரக்கு, பில் இல்லை, ஈரப்பதம் பார்த்த பதிவில்லை. தம்பி முழு நட்டத்தையும் தானே ஏற்றார். கடனை அடைக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. 80 மூட்டையை அந்தக் கம்பனி அடுத்த மாதம் எடுத்துக்கொண்டது. இன்றும் அவரிடம்தான் வாங்குகிறது.

சங்கிலியில் எந்த இடம்?

மூல மாதிரியை வைத்திருப்பது ஏற்றுமதியாளர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நமது கறுவாவே உதாரணம். 2023இன் இறுதியில் அமெரிக்காவில் விற்ற குழந்தைகளுக்கான அப்பிள் கறுவா உணவில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. எக்குவடோரில் அதைத் தயாரித்த இடத்தில் எடுத்த கறுவாத் தூளில் 5,110 பி.பி.எம்., 2,270 பி.பி.எம். என்று ஈயம் இருந்தது. அந்தக் கறுவாப் பட்டை இலங்கையிலிருந்து போனது. அங்கேயே பழி நின்றிருந்தால் நமது கறுவா வியாபாரம் என்னவாகியிருக்கும்? அரைக்கப்படாத பட்டைகளை எக்குவடோர் அதிகாரிகள் தனியே டெஸ்ட் செய்து, அவற்றில் ஈயக் கலப்பு இல்லை என்று கண்டார்கள். கெட்டது பட்டை தூளாகும் வழியில்தான். பட்டையைத் தனியே பார்க்க மாதிரி இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

தாமதமாகச் சொல்வதன் விலை

"முடிவு நிச்சயமாகட்டும், பிறகு சொல்வோம்" என்பது இன்னொரு பொறி. 2013 ஆகஸ்டில் நியூசிலாந்தின் பொன்டெரா கம்பனி, தனது பாற்புரதத் தூள் ஒரு தொகுதியில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமி இருக்கலாம் என்று அறிவித்தது. உலகின் பல நாடுகளில் குழந்தைப் பால்மா மீளப் பெறப்பட்டது. அந்த மாத இறுதியில், அது அந்தக் கிருமியல்ல, அதைப் போன்ற ஆபத்தற்ற வேறொன்று என்று தெரிந்தது. ஆனாலும் 2014இல் அந்தக் கம்பனிக்கு 3 இலட்சம் நியூசிலாந்து டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. சந்தேகம் எழுந்தபோது அதிகாரிகளுக்கு உரிய நேரத்தில் அறிவிக்காதது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கடைசியில் பொருள் நல்லது என்று நிரூபணமானாலும் மறைத்த நாட்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நமது நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி மனித நுகர்வுக்கு ஒவ்வாத உணவை விற்பது குற்றம். கெட்ட அறிக்கை கையில் இருக்கும்போது விற்றவர், "எனக்குத் தெரியாது" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.

ஆகவே இந்த வாரம் ஒரு சிறு வேலையை ஆரம்பியுங்கள். அடுத்து வரும் சரக்கில் எல்லா மூட்டைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்து, ஒரு கிலோ அளவில் காற்றுப் புகாத பையில் கட்டி, திகதி, விற்றவர், பில் இலக்கம் எழுதி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அந்தச் சரக்கு விற்று முடிந்து, அதன் காலாவதித் திகதி தாண்டும் வரை அதை எடுக்க வேண்டாம். ஒரு கொப்பி வாங்கி, எந்த மூட்டை எந்தத் தொகுதிக்குப் போனது என்று எழுதுங்கள். வருகிற அறிக்கை நல்லதோ கெட்டதோ, அதே கொப்பியில் ஒட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு கிலோ சரக்கும் ஒரு கொப்பியும்தான். போன் வரும் நாளில் நீங்கள் முதலில் தேடப் போவது இந்த இரண்டையும்தான்.